நாலாம் பக்கத்துக் கடிதம்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சடகோபன் அந்த மாடிப்படியில் ஏறி வந்தபோது, கீழே தெருவில் அவருடைய குரலே ஒலிபெருக்கியில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. "உடைந்த குடும்பம் உடைந்த நாடு. ஞாயிறு காலை, திருத்தணியில், பிரிந்த பன்னிரண்டு தம்பதிகள் மீண்டும் இணையும் பெருவிழா!" அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"கஜபதி சார், போலீசுக்குப் போவ முடியாத விஷயம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

கஜபதி முப்பத்தோரு வருடம் அரக்கோணத்தில் ரயில்வே குற்றப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிறிய அலுவலகம் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை செய்கிறார். பையன் சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, குடிப்பானா, முன்பே கல்யாணம் ஆனவனா என்பதையெல்லாம் சத்தமில்லாமல் கண்டுபிடித்துச் சொல்வார். கீழே ஜெராக்ஸ் கடை நடத்தும் விஜிக்கு நாற்பத்திரண்டு வயது. மாடிக்கு யாராவது ஏறினால் இரண்டே நிமிடத்தில் டீயோடு வந்துவிடுவாள். டீயைக் கொடுத்த பிறகும் போக மாட்டாள். அவளைப் போகச் சொல்வதைக் கஜபதி எப்போதோ நிறுத்திவிட்டார்.

சடகோபனைத் திருத்தணி வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கணவன் மனைவி சண்டைகளில் பஞ்சாயத்து பேசப் போய், அதிலேயே பெயர் வாங்கி, கவுன்சிலராகி, நகராட்சித் துணைத் தலைவரானவர். 'இல்லறம் காப்போம் இயக்கம்' அவர் தொடங்கியது. காதல் திருமணத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், விவாகரத்து மனுவுக்கு முன் பெரியவர்கள் சமரசம் கட்டாயம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். நம்பித்தான் பேசினார். வரப்போகும் சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு இடம் உறுதி என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். 

லுங்கியின் மேல் ஒட்டுகிற மயில் படம் போட்ட லேபிள். அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது. மேல் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிக்கப்பட்டிருந்தது. காகிதம் எட்டாக மடிக்கப்பட்ட தடம் இருந்தது. ஒரு மூலையில் மஞ்சள் கறை. விஜி எட்டிப் பார்த்து வாய்விட்டே படித்தாள்.

"ஞாயித்துக் கெளமை ஒளுங்கா மேடை ஏறு. சிரிச்ச மூஞ்சா மாலைய வாங்கிக்க. எவன்கிட்டயாவது வாயத் தொறந்தே, அன்னியோட உன் கதை முடிஞ்சிது. போன தடவ தப்பிச்சிட்ட. இந்தத் தடவ உங்க நைனாவே வந்தாலும் காப்பாத்த முடியாது."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? நான் பேசக் கூடாதாம்!" என்றார் சடகோபன். "சென்னையிலருந்து தலைவர் வராரு. என் பேச்சக் கேட்டுட்டு அதே மேடையில வேட்பாளர் பேர அறிவிக்கப் போறாரு. அது பொறுக்காத எவனோ எழுதியிருக்கான். போன தடவ நகராட்சித் தேர்தல்ல தீனதயாளன் என் மேல கேஸ் போட்டாரு. தள்ளுபடி ஆச்சி, தப்பிச்சேன். அவருக்குப் பொதட்டூர்பேட்டையில லுங்கித் தறி இருக்குது. இந்த லேபிளப் பாருங்க!"

"இது எப்படி உங்க கைக்கு வந்தது?" என்று கேட்டார் கஜபதி.

"அதான் சார் பயம். வீட்ல என் மேஜை டிராயர்ல, என் பேச்சுக்கு நடுவுல இருந்துது. திங்கக்கெழமை சாயங்காலம் என் உதவியாளர் சக்திவேல் பேச்ச டைப் பண்ணிக் குடுத்தான். ஆறு மணிக்கு நானே வெச்சிப் பூட்டனேன். செவ்வாய் காலையில பேசிப் பாக்கலாம்னு தொறந்தா, உள்ள இது. பூட்டு உடையல."

"சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு வீட்டு பீரோவுல. சக்திவேல் தெனமும் வீட்டுக்கு வரவன். அவன விலைக்கு வாங்கிட்டாங்களோன்னு ஒரு சந்தேகம்."

"எந்தப் பக்கத்துல இருந்தது?"

"நாலாம் பக்கம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா. வீட்ல அம்மாகிட்ட காட்டினீங்களா?"

"ஞானம்மா பயந்துடுவா. யார்கிட்டயும் சொல்லல."

பேச்சின் பிரதியும் விழா அழைப்பிதழும் அவர் பையிலேயே இருந்தன. கஜபதி இரண்டையும் வாங்கிக்கொண்டார். அழைப்பிதழின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: 'தலைவர்களுக்கு மாலை, சால்வை கிடையாது. இம்மேடையில் மாலை தம்பதிகளுக்கு மட்டுமே.' பேச்சின் நாலாம் பக்கத்தில் முதல் தம்பதியைப் பற்றி ஆறு வரிகள் இருந்தன. பொதட்டூர்பேட்டை பாலசுப்பிரமணியனும் மோனிஷாவும் எட்டு மாதப் பிரிவுக்குப் பின் தாயகம் திரும்பும் பறவைகளைப் போல இணைகிறார்கள் என்று எழுதியிருந்தது.

சடகோபன் படியிறங்கிப் போகும்போதே இரண்டு போன்கள் அடித்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் காதில் வைத்துப் பேசிக்கொண்டு போனார்.

"தீனதயாளன்தான் சார்," என்றாள் விஜி. "இல்லன்னா அந்த சக்திவேல்."

"பஸ் எத்தனை மணிக்கு விஜிம்மா?" என்றார் கஜபதி.

பொதட்டூர்பேட்டையில் தீனதயாளனின் தறிக்கூடத்தில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருந்தன. அவர் கடிதத்தை வாங்கவில்லை. கஜபதியின் கையிலேயே வைத்துப் படித்தார். முகம் சிவந்தது.

"நான் எழுதனா கையெழுத்துப் போட்டு எழுதுவேன் சார். கோர்ட்டுக்கே நேராப் போனவன். இந்த லேபிளு பிரஸ்ல ஆயிரக்கணக்குல வாங்கலாம், இந்த ஊர்ல பாதி வீட்ல இருக்கும்." சற்று நிறுத்தினார். "அதுவுமில்லாம, சடகோபனுக்கு நைனா ஏது? ரெண்டாங்கிளாஸ் படிக்கசொல்லவே அவங்கப்பா போயிட்டாரு. நானும் அவனும் ஒரே பெஞ்சி. அவன அப்பா பேர சொல்லி எவனாவது பயமுறுத்துவானா?"

"உங்களுக்குள்ள என்ன சண்டை?"

"மேடைதான் சண்டை. புருஷன்கிட்ட கேக்கறான், மாமியார்கிட்ட கேக்கறான், ஊர்ப் பெரியவங்ககிட்ட கேக்கறான். மேலே ஏத்தற பொண்ணுங்கள எவனாவது தனியா கூப்ட்டுக் கேட்டானான்னு கேட்டேன். குடும்ப விரோதின்னுட்டான்."

திரும்பும் வழியில் விஜி நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். "தீனதயாளன் நல்லாத்தான் பேசறாரு சார். ஆனா நல்லாப் பேசறவங்கதான சார் எல்லாம் பண்றாங்க?" கஜபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் மலைக்கோயில் வெயிலில் தெரிந்தது.

விழா நடக்கவிருந்த கல்யாண மண்டபத்தில் ஒரே களேபரம். பந்தல்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் வாழைக்குலையைச் சுற்றி வந்தன. சக்திவேல் ஒரு கையால் நாற்காலியை எண்ணிக்கொண்டே, அக்கா புருஷன் முறையுள்ள யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆங் பாவா. சேலையெல்லாம் போன வாரமே போய்ச் சேந்துது பாவா. அக்காவ நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத." கஜபதியைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு மேடைப் பக்கம் ஓடினான்.

மணமகள் அறையில் சடகோபனின் மனைவி ஞானம்மாள் பெட்டியைத் திறந்து வைத்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். விழா அன்று மனைவிமார் கட்டிக்கொள்ள, கணவன்மாரே சேலை எடுத்து அனுப்ப வேண்டும் என்பது இயக்கத்தின் வழக்கம். அவற்றைச் சேர்த்து வாங்கி, ரவிக்கை தைக்கக் கொடுத்து, பெண்களிடம் ஒப்படைப்பது ஞானம்மாளின் வேலை. தையலிலிருந்து கடைசியாக வந்த ஒரு சேலை பாயில் கிடந்தது. புதுத்துணிக்கு வைப்பதைப்போல் அதன் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது.

"உங்கள அவரு கூப்ட்டாராங்க?" என்று கேட்டார் ஞானம்மாள்.

"ஆமாம்மா. ஒரு சின்ன விசாரணை."

"அப்போ படிச்சிட்டாரா?"

கேட்டுவிட்டுச் சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். கஜபதி வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

"விஜிம்மா, தம்பதிகள் இயக்கத்துக்கு எழுதிக் கொடுத்த மனு, உங்க கடையிலதானே ஜெராக்ஸ் எடுத்தாங்க?"

"என் கடையிலதான். பன்னெண்டு ஜோடி, இருவத்திநாலு மனு. மிஷின்ல மை தீந்துபோயி பாதி கருப்பா வந்துது. அந்தக் கழிவுக் கட்டு இன்னும் கெடக்குது சார்."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இருவரும் அந்தக் கட்டைப் பிரித்தார்கள். எதைத் தேடுவது என்று கஜபதி சொன்னார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்த விஜி, பதினேழாவது தாளில் நின்றாள். இரண்டு முறை படித்தாள். தாளைக் கஜபதியிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில அம்மையார்குப்பம் போய், பொறந்த வீட்ல இருக்கிற அந்தப் பொண்ணைப் பாருங்க," என்றார் அவர். "ஒரு பொம்பளை போனாத்தான் பேசும். அதுக்கப்புறம் எல்லாரையும் ஒண்ணா உக்கார வைப்போம்."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சடகோபன் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். தீனதயாளன் வாசற்படியோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சக்திவேல் சுவரோரம் நின்றான். ஞானம்மாள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தார். "நீங்களும் இருங்கம்மா," என்றார் கஜபதி. சடகோபன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"யாரு சார்? பேரச் சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல கடிதத்தைப் பாருங்க. உங்களைத் தடுக்க நினைக்கிறவன் என்ன எழுதுவான்? மேடை ஏறாதேன்னு எழுதுவான். இவன் 'ஒளுங்கா ஏறு'ன்னு எழுதறான். மாலையை வாங்கிக்கங்கறான். அந்த மேடையில தலைவர்களுக்கு மாலை கிடையாதுன்னு அழைப்பிதழ்ல போட்டது நீங்களே. அப்போ மாலை வாங்கப்போறது யாரு?"

சடகோபன் நின்றார்.

"நைனாவே வந்தாலும் காப்பாத்த முடியாதுங்கறான். உங்க அப்பா காலமாகி ஐம்பது வருஷம் ஆகுது. உங்களைத் தெரிஞ்சவன் அப்படி எழுத மாட்டான். அப்பாவை நைனான்னு கூப்பிடற, அப்பா உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு எழுதினது இது. தமிழ்ல 'நீ'ன்னு எழுதினா ஆணா பெண்ணான்னு தெரியாது சார். மேல இருந்த பேரைக் கிழிச்சுட்டா சுத்தமாத் தெரியாது. நீங்க உங்களுக்குன்னே நினைச்சுக்கிட்டீங்க."

"அப்போ இது…"

"எட்டா மடிச்ச தடம், மூலையில மஞ்சள். புதுச்சேலையோட மடிப்புக்குள்ள வெச்சு அனுப்பினது. போன்ல அனுப்பினா சாட்சி ஆயிடும்னு காகிதத்துல எழுதியிருக்கான். அதைப் பொண்ணே பிரிப்பா, பயந்துகிட்டு வாயைத் திறக்க மாட்டாள்னு கணக்கு." கஜபதி இன்னொரு தாளை எடுத்து வைத்தார். "கடிதத்துல கிழமைங்கிற சொல்லை 'கெளமை'ன்னு எழுதியிருக்கு. ழகரம் வராத கை. இது உங்க இயக்கத்துக்கு வந்த மனு. படிங்க."

சடகோபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "நான் என் மனைவி மோனிஷாவுடன் சேர்ந்து வாள விரும்புகிறேன்."

"அதே பேனா சாய்வு, அதே எழுத்து. பாலசுப்பிரமணியன். உங்க பேச்சுல முதல் தம்பதி. நாலாம் பக்கம்."

சக்திவேல் சுவரை விட்டு முன்னால் வந்தான். "அண்ணே, பாவா கோவக்காரரு, அவ்ளோதான். ஏதோ வேகத்துல…"

"'போன தடவ தப்பிச்சிட்ட'ன்னா என்னன்னு நான் சொல்றேன்," என்றாள் விஜி.  "இன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணப் பாத்துட்டு வரேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி ரூம்ல வெச்சுப் பூட்டி, மண்ணெண்ணெய ஊத்தியிருக்கான். பக்கத்து வீட்டுக்காரங்க கதவ ஒடைச்சிருக்காங்க. அந்தத் தப்பிச்சதுதான் அது. கேஸ் குடுக்கப் போனவங்கள, எலெக்ஷன் வருது, அண்ணன் பேசி முடிப்பாருன்னு திருப்பி அனுப்பனது யாருன்னு கேளுங்க." அவள் சக்திவேலைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சேலைக்குள்ள இருந்த கடிதம் என் டிராயருக்கு எப்படி வந்துது?" என்று கேட்டார் சடகோபன். கேட்கும்போதே அவர் பார்வை மனைவி மேல் போயிருந்தது.

"அது எனக்கு நேத்தே தெரிஞ்சது," என்றார் கஜபதி. "விசாரணைன்னு மட்டும்தான் சொன்னேன். படிச்சிட்டாரான்னு அம்மா கேட்டாங்க."

ஞானம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரவிக்கை அளவுக்குப் போயிருந்தேன். என் எதிர்லதான் அந்தப் பொண்ணு சேலையப் பிரிச்சிது. கீழ விழுந்ததப் படிச்சிட்டு அப்படியே உக்காந்துடுச்சி. வாங்கிகினு வந்துட்டேன். பேர இருக்க விட்டா சக்திவேல் கண்ணுல படும், அடுத்த நிமிஷம் அவன் பாவாவுக்குப் போயிடும்னு கிழிச்சேன். பீரோ சாவி எடுத்து அந்தப் பக்கத்துலயே வெச்சேன்."

"என்கிட்ட வாய்ல சொல்லியிருக்கலாமில்ல, ஞானம்?"

"அந்தப் பொண்ண மேடை ஏத்த வேணாம்னு மூணு வாட்டி சொன்னேங்க. மொத வாட்டி போன் பேசிகினு இருந்தீங்க. ரெண்டாவது வாட்டி எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்னீங்க. மூணாவது வாட்டி இது இயக்கத்து விஷயம், உள்ள போன்னீங்க. நான் சொன்னா காதுல ஏறாது, உங்க பேச்சுல இருந்தா படிப்பீங்கன்னு வெச்சேன். படிச்சா என்னக் கேப்பீங்கன்னு நெனச்சேன். செவ்வாக்கெழமையிலருந்து காத்துகினு இருக்கேன். நீங்க எனக்குக் காட்டவே இல்ல."

 தெருவில் ஒலிபெருக்கி வண்டி திரும்பி வந்தது. சடகோபன் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆனால் அரசியல்வாதி இன்னும் அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தார்.

"சரி. அந்த ஜோடிய எடுத்துடுவோம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம். விழா முடியட்டும், அவன நான் கவனிச்சிக்கறேன். மத்த பதினொரு ஜோடி ஒழுங்கா நடக்கட்டும். அந்தக் கடிதத்தக் குடுங்க சார்."

"கடிதம் இப்போ மோனிஷாவோடது," என்றார் கஜபதி. "நாளைக் காலையில அவங்க நைனாவோட மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறாங்க. விஜிம்மா கூடப் போறாங்க."

"மத்த பதினொண்ணு," என்றார் ஞானம்மாள். கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "அவங்கள யாருனா கேட்டீங்களா?"

தீனதயாளன் எழுந்தார். அவருக்கு வெற்றி கிடைத்த நேரம் அது. ஆனால் பழைய நண்பனின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு வெளியே போனார்.

சனிக்கிழமை மாலைக்குள் பாலசுப்பிரமணியனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சக்திவேல் வேலைக்கு வரவில்லை. சடகோபன் அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்றும், கட்சிக்காரர்களின் போன்கள் அடித்து அடித்து ஓய்ந்தன என்றும் ஞானம்மாள் விஜியிடம் சொன்னார்.

ஞாயிறு காலை கஜபதியும் விஜியும் மண்டபத்துக்குப் போனபோது கூட்டம் வெளியே சாலை வரை வழிந்திருந்தது. மேடையில் சென்னைத் தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார். சடகோபனின் இருக்கை காலி. விஜி அவரைத் தேடிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

மணமகள் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஞானம்மாள் பதினொரு பெண்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். போக விருப்பமா, வேறு வழி வேண்டுமா, யாருக்காவது பயப்படுகிறாயா. கணவன்மாரும் மாமியார்களும் நடையில் முண்டிக்கொண்டு நின்றார்கள். கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, வழியை அடைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் சடகோபன் உட்கார்ந்திருந்தார். பேச்சுத்தாள் எதுவும் கையில் இல்லை.

சமையல்கூடத்துப் பின்வாசலில் ஆட்டோக்கள் நின்றன. சேர விருப்பமில்லை என்று கிளம்பியவர்களில் நான்காவது பெண் தன் பையைத் தூக்கிக்கொண்டு, தம்பியோடு ஏறிப் போவதை விஜி பார்த்தாள். உள்ளே கேட்க இன்னும் மூன்று பேர் பாக்கி.

தலைவரின் ஆள் ஒருவர் வியர்த்து விறுவிறுக்க வந்தார். "என்னங்க இது, தலைவர் கோவமா இருக்காரு! இன்னும் அஞ்சு நிமிஷத்துல நீங்க வந்து பேசலன்னா வேட்பாளர் பேர அறிவிக்க மாட்டேங்கறாரு. கார எடுக்கச் சொல்லிட்டாருங்க."

சடகோபன் எழுந்திருக்கவில்லை. கதவுக்குள்ளிருந்து மெல்லிய விசும்பலும் ஞானம்மாளின் தாழ்ந்த குரலும் கேட்டன. அவர் அந்த ஆளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா," என்றார். "உள்ள ஒரு பொண்ணு பேசிகினு இருக்குது."